அரங்குக்கு முன்னிருந்த பியானோ

லயனல் வென்ட் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு கட்டடந்தான் நினைவுக்கு வரும். கறுவாத்தோட்டத்தில், கில்போர்ட் கிறசென்டில் நிற்கும் அரங்கு. நாடகம் பார்க்கப் போயிருப்போம். வகுப்புத் தோழியின் நடனத்துக்குப் போய், இடைவேளையில் ஓவியக்கூடத்தைச் சுற்றி வந்திருப்போம். அந்தப் பெயருக்குரியவர் ஒரு பியானோக் கலைஞர் என்பதை அங்கே யாரும் நமக்குச் சொல்லவில்லை. நூற்றாண்டு மலருக்கு இசையைப் பற்றி எழுதித் தரும்படி சங்கத்தினர் கேட்டபோது, நமது கல்லூரியின் பரிசளிப்பு விழாப் பாடல்களை வேறொருவருக்கு விட்டுவிட்டு இவரை நான் எடுத்துக்கொண்டேன். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பியானோ பழகிய தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நாங்கள் பழகியது சோதனைக்காக. இலண்டனில் 1889இல் தொடங்கப்பட்ட அசோசியேட்டட் போர்ட், அதற்கும் முந்திய டிரினிட்டிக் கல்லூரிச் சோதனைகள் இரண்டும் நமக்குத் தெரிந்தவை. தரம் ஒன்றிலிருந்து எட்டு வரை ஏறவேண்டும். பரீட்சகர் கடல் கடந்து வருவார். மூன்று பட்டியல்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உருப்படி. முதலாவதில் பாக் காலத்தவர், இரண்டாவதில் மொஸார்ட் காலத்தவர், மூன்றாவதில் அதற்குப் பிந்தியோர். அந்தக் கடைசிப் பட்டியலில் எப்போதாவது பார்ட்டோக் என்ற பெயர் தலைகாட்டும். வாசித்தால் வீட்டில் உள்ளவர்கள், “என்ன பிள்ளை, பிழை பிழையாய் வாசிக்கிறாய்?” என்பார்கள். பார்ட்டோக் ஹங்கேரியக் கிராமங்களில் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து திரிந்து, நாட்டுப் பாடல்களைச் சேர்த்தவர் என்று யாரும் சொல்லவில்லை. எட்டாந் தரச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும். கலியாணத்தோடு பியானோவின் மூடி விழும். 1983 ஜூலைக்குப் பிறகு எத்தனையோ வெள்ளவத்தை வீடுகளில் பியானோவே இல்லாமற் போனது தனிக்கதை.

வென்ட் 1900 டிசெம்பர் 3ஆம் திகதி பிறந்தவர். தந்தை ஹென்றி லொரன்ஸ் வென்ட் பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். தாய் அமேலியா டி சேரம், சிங்களவர். தந்தையின் வழியில் சட்டம் படிக்க இலண்டனுக்குப் போன மகன், இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார்; கூடவே ரோயல் அக்கடமி ஒவ் மியூசிக்கில் பியானோ பயின்றார். ஒஸ்கார் பெரிங்கரும் மார்க் ஹம்பேர்க்கும் அவருடைய ஆசிரியர்கள். 1924இல் கொழும்பு திரும்பினார். பாரிஸ்டர் அங்கி அதிக காலம் தோளில் தங்கவில்லை. நீதியரசர் வீட்டுப் பிள்ளை வழக்கைக் கைவிட்டுப் பியானோவின் முன்னே போய் அமர்ந்தார். நம் குடும்பங்களில் இப்படி ஒன்று நடந்திருந்தால் மாமன், சித்தப்பாமார் எல்லோரும் கூடிப் பேசியிருப்பார்கள். அவருடைய பெற்றோர் இருவரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டனர். கையில் வசதியும் இருந்தது. இதை மறைக்கத் தேவையில்லை. வசதி இருந்த எல்லோரும் அப்படிச் செய்துவிடவுமில்லை.

மேடையில் வாசிப்பவருக்குப் பாதுகாப்பான வழி ஒன்று எப்போதும் உண்டு: பேத்தோவன், ஷோப்பன், லிஸ்ட். கேட்பவர்கள் ஏற்கெனவே அறிந்தது, கைதட்டல் நிச்சயம். வென்ட் தம் காலத்து ஐரோப்பிய இசையமைப்பாளர்களையும் கொழும்பு மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் இலண்டனில் மாணவராக இருந்த காலத்தில் டெபுஸி மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ராவல், ஸ்ட்ராவின்ஸ்கி, பார்ட்டோக் மூவரும் உயிரோடிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சங்கீதம் பழகிய தோழிகளுக்கு இப்படிச் சொல்லலாம்: பழைய ஐரோப்பிய இசையில் எவ்வளவு தூரம் போனாலும் ஆதார சுருதி போன்ற ஓர் இடத்துக்குத் திரும்பி வந்து ஓய்வார்கள். இந்தப் புதியவர்கள் அந்த ஆதாரத்தை நகர்த்தினார்கள், சிலர் எடுத்தே விட்டார்கள். பாட வேண்டிய பியானோவைப் பார்ட்டோக் 1911இலேயே ‘அலெக்ரோ பார்பரோ’வில் மேளம் போல அடிக்க வைத்தார். இசைப் பிரதிகள் கப்பலில் வரவேண்டும், கேட்பவர்களைப் பழக்கவேண்டும். அதனால்தான் வென்ட் வாசித்ததோடு நிற்காமல் இசை விமர்சனமும் எழுதினார்.

கில்போர்ட் கிறசென்டில் இருந்த அவருடைய வீட்டின் பெயர் ‘அல்பொராடா’. ஸ்பானிய மொழியில் விடியற்காலைப் பாட்டு. நம் திருப்பள்ளியெழுச்சியின் தூரத்து உறவு எனலாம். பியானோ வாசிப்பவர்களுக்கு அந்தப் பெயர் ராவலைத்தான் நினைவூட்டும். 1905இல் முடிந்த ‘மிரோவார்’ தொகுதியின் நான்காவது உருப்படி ‘அல்பொராடா டெல் கிராஸியோஸோ’. ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்பத் தட்டவேண்டிய அதில் எத்தனையோ தேர்ந்த கைகள் களைத்துப் போயிருக்கின்றன.

வெள்ளவத்தைக்காரருக்கு ஒரு செய்தி. 1929இல் சிலி நாட்டின் தூதரக அலுவலராக வந்த கவிஞர் பாப்லோ நெரூடா, நமது கடற்கரையோரத்தில்தான் வீடெடுத்திருந்தார். வென்ட் வாரந்தோறும் ஒரு சைக்கிள்காரரிடம் சாக்கு நிறையப் புத்தகங்களைக் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார் என்று நெரூடா நினைவுக்குறிப்பில் எழுதுகிறார். அதே நூலில், மலக்கூடத்தைத் துப்புரவு செய்ய அந்த வீட்டுக்கு வந்துபோன ஒரு தமிழ்ப் பெண்ணைத் தாம் பலவந்தப்படுத்தியதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. நெரூடா நம் ஊரில் வாழ்ந்தார் என்று பெருமை பேசுபவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்கவேண்டும். பெண்கள் வெளியிடும் மலர் ஒன்றில் இதைச் சொல்லாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

முப்பதுகளில் வென்டின் கை கமெராவுக்கும் போனது. கிராமங்களையும் கண்டிய நடனத்தையும் படம் பிடித்தார். இருட்டறையில் ஒளியையும் நிழலையும் தலைகீழாக்கிப் பரிசோதனைகள் செய்தார். 1934இல் பெசில் ரைட் எடுத்த ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தில் பின்னணியில் ஒலிப்பது வென்டின் குரல். அது இன்றும் கேட்கக் கிடைக்கிறது. 1943இல் ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலிய ஓவியர்களை ஒன்றுசேர்த்து ‘43 குழு’ உருவாக முன்னின்றார். மறு ஆண்டு டிசெம்பர் 19ஆம் திகதி, நாற்பத்து நான்கு வயது நிரம்பிய பதினாறாம் நாள் மறைந்தார். நண்பர் ஹரல்ட் பீரிஸ் முதலானோரின் முயற்சியால் ‘அல்பொராடா’ நின்ற நிலத்தில் 1953இல் அரங்கு திறக்கப்பட்டது.

கொழும்பிலிருந்து புதிய இசைக்குப் போன பாதை அதோடு நிற்கவில்லை. பிறகு வந்தவரின் வாத்தியம் வேறு, செலோ. ரொஹான் டி சேரம் 1939இல் ஷெஃபீல்டில் பிறந்து, கொழும்பில் வளர்ந்தவர். பதினொரு வயதில் இத்தாலிக்குப் போய் கஸ்பார் கசாடோவிடம் பயின்றார். அவருடைய சகோதரர் துருவி பியானோக் கலைஞர். இருவரும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். முப்பது வயது தாண்டும் வரை ரொஹானும் பழைய மேதைகளை வாசித்தே பெயரெடுத்தார். பிறகு திசை மாறியது. எழுபதுகளின் இறுதியிலிருந்து 2005 வரை, புதிய இசைக்கென்றே இயங்கும் ஆர்டிட்டி நால்வர் குழுவில் இருந்தார். 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஸ்டொக்ஹவுசனின் உருப்படி ஒன்றுக்காக அந்த நால்வரும் நான்கு ஹெலிகொப்டர்களில் தனித்தனியே ஏறி, ஆகாயத்திலிருந்து வாசித்தார்கள். இதெல்லாம் இசையா என்று கேட்பவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. எனக்கும் அந்த ஹெலிகொப்டர் இரைச்சல் பிடிக்கவில்லை.

ஆனால் மெல்பேர்ணிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் தோழிகள் பேரப்பிள்ளைகளோடு இருந்து ஒன்றைக் கேட்கலாம். இத்தாலிய இசையமைப்பாளர் லுச்சியானோ பேரியோ 2002இல் ரொஹானுக்காக எழுதிய ‘செக்குவென்ஸா 14’. ரொஹான் சிறுவயதிலிருந்தே கண்டிய மேளம் அடித்தவர். பேரியோ அந்தத் தாளக்கட்டைக் கேட்டறிந்து செலோவுக்குள் கொண்டுவந்தார். உருப்படி தொடங்கும்போது வில் தந்தியில் படுவதில்லை. ஒரு கை தந்திகளைத் தட்டும், மறு கை செலோவின் மரவுடலில் மேளம் அடிக்கும்.