லே போ: அரசாணையால் இடிந்த மலைக்கோட்டை

தென் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், ஆர்ல் நகருக்கு வடகிழக்கே நீளும் அல்பீல் குன்றுத்தொடரில், ஏறத்தாழ 900 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உள்ள சுண்ணாம்புப் பாறை மேட்டில் லே போ என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதன் உச்சியில் சிதைந்து நிற்கும் இடைக்காலக் கோட்டையின் பெரும்பகுதி பாறையைக் குடைந்தே அமைக்கப்பட்டதாகும். பாறைச் சுவரில் வரிசையாக வெட்டிய புறா மாடங்களும், மேல்தள உத்தரங்களின் முனைகள் செருகப்பட்ட குழிகளும், கூரை போனபின் வெட்டவெளியில் நிற்கும் கணப்படுப்புகளும் இன்றும் அங்கே தெரிகின்றன.

மரபுக் கணக்குப்படி 79 ஊர்களை ஆண்ட இக்கோட்டையின் பிரபுக்கள், குழந்தை இயேசுவைக் காண விண்மீன் வழிகாட்ட வந்த மூன்று ஞானிகளுள் ஒருவரான பல்தசாரின் வழித்தோன்றல்கள் எனத் தங்களைச் சொல்லிக்கொண்டு, பதினாறு கதிர்கள் கொண்ட விண்மீனைக் குலச்சின்னமாகப் பொறித்தனர். அக்குலத்தின் கடைசி வாரிசான அலிக்ஸ் 1426இல் இறந்தபோது விண்மீன் ஒன்று அவருடைய அறைக்குள் இறங்கி, இறுதி மூச்சுவரை ஒளிவிட்டு மறைந்தது என்பது ஊர்க்கதை. அவருக்குக் காப்பாளராக இருந்த ரேமோன் தெ துரேன், பிணைப்பணம் வராத கைதிகளைக் கோட்டை விளிம்பிலிருந்து குதிக்கச் செய்து சிரித்தார் என்பது மற்றொன்று. அராபியத் தலைவன் ஒருவன் குகையில் ஒளித்த புதையலைப் பொன் ஆடு காக்கிறது என்ற கதையும் வழங்குகிறது.

1481இல் புரோவான்ஸ் பிரெஞ்சு அரசோடு இணைந்தபின் எழுந்த கிளர்ச்சிக்காகப் பதினோராம் லூயி கோட்டையை இடிக்கச் செய்தார். பதினாறாம் நூற்றாண்டில் மீண்டும் செழித்த ஊர், பதின்மூன்றாம் லூயிக்கு எதிரான கலகத்துக்கு இடங்கொடுத்ததால், முதலமைச்சர் கர்தினால் ரிஷெலியேயின் ஆணைப்படி 1632இல் கோட்டையும் மதில்களும் மறுபடி தகர்க்கப்பட்டன; அதற்கான செலவும் தண்டத்தொகையும் ஊர்க்குடிகள்மீதே சுமத்தப்பட்டன. 1642இல் இவ்வூர், கோமகனுக்கு அடுத்த நிலைப் பட்டமான மார்க்விஸ் உரிமையுடன் மொனாக்கோவின் கிரிமால்டி குடும்பத்துக்கு அளிக்கப்பட்டது. பின்னர் 1821இல் பியேர் பெர்த்தியே இப்பகுதிச் செம்பாறையை ஆராய்ந்து அதில் அலுமினியம் மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். சேர்வராயன் மலையில் வெட்டப்பட்ட தாது உட்பட, உலகெங்கும் அவ்வகைத் தாது இவ்வூரின் பெயரால் பாக்சைட் என்றே வழங்குகிறது.

ஆகவே, லே போவின் இடிபாடுகளைக் காலம் அரித்த எச்சங்கள் என்று மட்டும் கருதுவது பிழையாகும். ஊரின் புகழ்பெற்ற கதைகள் பிரபுக்களின் பெருமையையும் கொடுமையையும் நினைவில் வைத்துள்ளன; தங்கள் ஊரை இடித்ததற்குத் தாங்களே பணம் கட்டிய குடிமக்களை அறிய வரலாற்றைத்தான் நாட வேண்டும்.