ஒரு மூடி பெற்றோல்

யாழ்ப்பாணத்தின் தொண்ணூறுகள் என்றால் பங்கர், ஷெல், இடப்பெயர்வு என்றுதான் பேச்சு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இறைக்கிற மிசினின் கரி பிடித்த பிளக். 1990 யூனில் போர் மறுபடி மூண்டதும் மின்சாரம் நின்றது, பெற்றோல் தடைப்பட்டியலில் சேர்ந்தது. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, கொள்ளை விலைக்கு வந்தது. அதிலும் ஜாம் போத்தல் விளக்குக்கு ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தில்தான் கோப்பாய், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்குத் தண்ணி பாய வேண்டும். துலா மிதித்த தலைமுறையோ ஓய்ந்துபோயிருந்தது.

அந்த மிசின்களில் பல இரட்டைத் தாங்கி கொண்டவை. சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேணும். அதனால் குளிர்ந்த எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். நிறுத்த முன்னம் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றர் கிண்ணம் பெற்றோலால் நிரம்பிய பிறகே நிறுத்துவார்கள். அப்போதுதான் நாளைக்கு ஒரே இழுவையில் பிடிக்கும்.

தடை வந்ததும் இந்த ஒழுங்கு குலைந்தது. நிறுத்தும்போது செலவழிக்க யாரிடம் பெற்றோல் இருந்தது? சின்னப் போத்தலில் பொத்தி வைத்ததை ஒரு மூடி அளவு காபரேற்றர் வாய்க்குள் விட்டுக் கயிற்றை இழுத்தார்கள். மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் உயிர் பெற்றன. இதை ஈழத்தவரின் சாமர்த்தியம் என்று இப்போது பெருமையாகச் சொல்கிறோம். சாமர்த்தியம்தான், ஆனால் எஞ்சின் திருப்பி அடித்தால் தீ அந்த வாயாலேயே வெளியே பாயும். திறந்த போத்தல் பக்கத்தில் இருந்தால் அவ்வளவுதான். மிசின் திருத்துகிற என் மாமா, "முதல்ல போத்திலை மூடித் தள்ளி வை, பிறகு வந்து இழு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லுவார்.

மண்ணெண்ணெய் முழுசாக எரிவதில்லை. பிளக்கில் கரி படியும், எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசித் தேயும். வாடிக்கையாளர் ஒருவர் "ஒயில் குறையவே இல்லை, கூடியிருக்கு" என்று சந்தோசமாகச் சொன்னபோது, மாமா அளவுக்கம்பியை உருவி மணந்து பார்த்தார். "குறைஞ்சாப் பயம் தம்பி. கூடினா அதைவிடப் பயம்." முழு ஒயிலையும் வடித்து மாற்றச் சொன்னார். ஒயிலுக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

கரியைச் சுரண்ட பிளக்கைத் தொடுமுன் அவர் செய்கிற முதல் வேலை, பிளக் வயரைக் கழற்றித் தள்ளிக் கட்டுவது. பற்றரியும் சாவியும் இல்லாத எஞ்சின் செத்துக் கிடக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் சக்கரத்தில் பதித்த காந்தம் சுருளைக் கடந்தாலே பொறி பிறக்கும், கை தவறிச் சக்கரம் சுழன்றால் போதும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோடையில் கிணறு வற்றும்போதுதான் உண்மையான ஆபத்து. பம்ப் மேலே நின்று உறிஞ்சக்கூடிய ஆழம் நடைமுறையில் ஏறத்தாழ 7 மீற்றர். தண்ணி அதற்குக் கீழே போனால் மிசினையே கிணற்றுக்குள் இறக்கத் தோன்றும். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கீழே நிற்பவர் மயங்குவார், தூக்க இறங்குபவரும் மயங்குவார். மாமா இந்த வேலைக்கு மட்டும் எவ்வளவு கேட்டாலும் மிசின் கொடுக்கமாட்டார். பயிர் கருகுது என்று அழுதவரிடமும் கொடுக்கவில்லை. அந்தாள் பல வருடம் மாமாவோடு கதைக்கவில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்தது. மாமாவுக்கு அது புதுக் கவலை. பத்து வருடம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பழகிய கைகள், சூடான எஞ்சினுக்கு விளக்கு வெளிச்சத்திலேயே பெற்றோலையும் ஊற்றின. கானைத் தூரத்தில் வைக்கச் சொல்லி, எஞ்சின் ஆறும்வரை அவர்களைத் திண்ணையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தார்.