லஞ்சபிள்ஸ்: உடல்நலக் கவலைகள்

லஞ்சபிள்ஸ் என்பது அமெரிக்காவில் குழந்தைகளுக்காக விற்கப்படும் ஆயத்த மதிய உணவுப் பொதி. ஆஸ்கர் மேயர் நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் இதை உருவாக்கி, 1980களின் இறுதியில் நாடெங்கும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இது கிராஃப்ட் ஹைன்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு.

தோற்றமும் அமைப்பும்

கொழுப்புக்கு அஞ்சி மக்கள் இறைச்சி வில்லைகள் வாங்குவதைக் குறைத்தபோது, அந்த விற்பனையை மீட்கும் வழியாகவே இது பிறந்தது. அறைகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் உப்பு பிஸ்கட், அதே அளவுக்கு வெட்டிய வான்கோழி அல்லது பன்றி இறைச்சி வில்லை, சீஸ் துண்டு ஆகியவை இருக்கும். குழந்தை தானே அடுக்கிச் சாப்பிடலாம். காலை அவசரத்தில் இருக்கும் பெற்றோருக்கும் வேலை மிச்சம்.

உப்பும் இறைச்சியும்

4 முதல் 8 வயதுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராம் சோடியமே உச்ச அளவு என்கிறது அமெரிக்க உணவு வழிகாட்டி. கடையில் விற்கும் வான்கோழிப் பொதி ஒன்றிலேயே 740 மில்லிகிராம் இருந்தது, கிட்டத்தட்ட பாதி. இப்பொதிகளில் இருப்பது போன்ற பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு.

2024 ஆய்வு

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, லஞ்சபிள்ஸும் பிற நிறுவனத் தயாரிப்புகளுமாக 12 பொதிகளைச் சோதித்து, 2024 ஏப்ரலில் முடிவை வெளியிட்டது. ஈயம், காட்மியம், பிளாஸ்டிக்கிலிருந்து உணவில் கலக்கக்கூடிய தாலேட்டுகள் ஆகியவை அவற்றில் தென்பட்டன. எதுவும் அரசு வரம்பை மீறவில்லை. ஆனால் குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை. வளரும் மூளையைப் பாதிக்கும் பொருள் என்பதால், வரம்புக்குள் இருப்பது மட்டுமே போதிய ஆறுதல் ஆகாது.

பள்ளி உணவுத் திட்டம்

2023இல் லஞ்சபிள்ஸின் இரண்டு வகைகள் தேசியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தில் இடம்பெற்றன. பள்ளிக்கான வான்கோழிப் பொதியின் அளவு பெரிது. அதில் சோடியம் 930 மில்லிகிராம். திட்டத்தின் சோடியம் வரம்பு தனித்தனி உணவுப் பொருளுக்கு அல்ல, வாரச் சராசரிக்கே என்பதால் இதற்குத் தடை எழவில்லை. 2024 நவம்பரில் கிராஃப்ட் ஹைன்ஸ் இவற்றைத் திட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டது. தேவை குறைவு என்பதே நிறுவனம் சொன்ன காரணம். விதியின் பேரில் நடந்த விலக்கல் அல்ல என்பதால், பள்ளித் தட்டில் எதை அனுமதிப்பது என்ற கேள்விக்கு அது விடையாகவில்லை.