தழும்புக்கு முன் துகள்: கல்தூசி நோயும் சிங்க்ரோட்ரான் எக்ஸ்ரேயும்

நங்கநல்லூருக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டினால் பரங்கிமலையில் தொடங்கித் திரிசூலம், பல்லாவரம் வரை குன்றுகள் நீள்கின்றன. கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இக்குன்றுகளின் பாறையை ஒத்தது என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு, 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், இரும்பு கலந்த ஹைப்பர்ஸ்தீன் ஆகியவை சேர்ந்த கல் அது. சென்னையின் கட்டடங்களுக்கு ஜல்லியாக உடைபட்டதும் அதுதான். கல்லின் கனிமங்கள் நூறாண்டுக்கு முன்பே நுணுக்கமாகப் பதிவாகிவிட்டன. அதை உடைத்தவர்களின் நுரையீரலில் அக்கனிமங்கள் எங்கே தங்கின என்பதற்கு அப்படியொரு பதிவு இல்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் கருவி இன்று நாட்டிலேயே இருக்கிறது; அதைக் கல்லுடைப்போர் பொருட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்தூசி நோயான சிலிக்கோசிஸை உறுதிசெய்ய மருத்துவர் கேட்பது இரண்டு: தூசியில் வேலை செய்த வரலாறு, மார்பு எக்ஸ்ரே. அந்தப் படத்தில் தெரிவது தூசி அன்று. தூசியை எதிர்த்து உடல் உண்டாக்கிய தழும்பு. காற்று நுண்ணறை வரை போகும் துகள் சில மைக்ரான் அளவே இருக்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டில் மிகச் சிறிய புள்ளிகள் என்பவையோ 1.5 மில்லிமீட்டர் வரையிலானவை. இந்த இடைவெளிக்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் காசநோயும் சேர்ந்துகொள்வதுண்டு. குவார்ட்ஸின் சிலிக்கா படிந்த நுரையீரலில் அது எளிதில் பற்றும். இரண்டின் நிழலும் மேல்மடலிலேயே விழுவதால், கல்தூசி நோயாளி வெறும் காசநோயாளியாகவே பதிவாகக்கூடும். நோய்ப் பெயர் மாறினால் இழப்பீட்டு உரிமையும் போய்விடும். வேலை வரலாற்றைக் காட்ட அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ இல்லாத தினக்கூலிக்கு மிஞ்சும் ஒரே சாட்சி அவர் நுரையீரல்தான்.

சாதாரண எக்ஸ்ரே, கதிர் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதை மட்டுமே பதிவு செய்கிறது. எலெக்ட்ரான்களை வளையத்தில் சுழலவிட்டு எக்ஸ்ரே உண்டாக்கும் சிங்க்ரோட்ரானிலிருந்து வரும் ஒழுங்கான கதிர்க்கற்றையோ பொருள்களின் விளிம்பில் சற்றே வளைவதையும் காட்டும். இதுவே கட்ட மாறுபாட்டுப் படமாக்கம். காற்றும் திசுவும் கோடிக்கணக்கான விளிம்புகளில் சந்திக்கும் நுரையீரலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மயக்கமூட்டிய எலிகளின் மூக்குப் பாதையில் கல்குவாரித் தூசி, ஆஸ்பெஸ்டாஸ், கண்ணாடி இழை, ஈயத்தாது ஆகியவை படிவது உயிருள்ளபோதே படமாயிற்று. இழைகள் திரவம் சூழ்ந்த திரளாயின. குவாரித் தூசி தனித்தனித் துகளாகவே நின்றது. 2021இல் பிரான்சின் கிரெனோபிள் சிங்க்ரோட்ரானில் முழு மனித நுரையீரலையே வெட்டாமல் படமெடுத்து, வேண்டிய இடத்தில் ஏறத்தாழ ஒரு மைக்ரான் நுணுக்கம் வரை நெருங்கினார்கள்.

உயிருள்ள மனிதருக்கு இவ்வளவு கதிர்வீச்சு ஆகாது என்பது முதல் மறுப்பு. அது சரியே. ஆனால் பயாப்ஸியிலும் பிரேதப் பரிசோதனையிலும் எடுத்த திசுவுக்கு அந்தத் தடை இல்லை. டீசல் புகையின் நானோ துகள்கள் இந்தப் படத்தில் தெரியா என்பது இரண்டாவது. விமான நிலையத்தை ஒட்டி வாழும் நங்கநல்லூர்வாசிக்கு இது மெய்யான குறைதான். ஆனாலும் கல்தூசி பற்றிய வாதத்தை அது தொடுவதில்லை. துகளைக் கண்டாலும் அது எந்தக் கல்லின் துகள் என்று எப்படிச் சொல்வது என்ற மூன்றாவது கேள்விதான் கனமானது. எக்ஸ்ரே ஒளிர்வு ஆய்வு தனிமங்களை இனங்காட்டும். சிலிக்கனின் ஒளிர்வு வலுவற்றது, இடையிலுள்ள காற்றிலேயே கரைந்துவிடும். இரும்பு எளிதில் தெரியும், ஆனால் ரத்தத்திலும் இரும்பு உண்டு. ஆகவே ஒற்றைத் தனிமத்தை நம்பக் கூடாது. இரும்பும் டைட்டானியமும் கால்சியமும் மைக்ரான் அளவுப் புள்ளிகளாகத் திசுவில் செறிந்திருக்கின்றனவா என்று பார்த்து, அந்த விகிதங்களை உடைத்த பாறையோடு ஒப்பிட வேண்டும். சார்னோக்கைட்டின் கலவை தெளிவாகத் தெரிந்திருப்பது இங்கேதான் உதவும்.

தண்ணீர் தெளித்து உடைத்தால் தூசி அடங்கும் என்பது பழைய அறிவு. அதைச் செய்ய எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஆய்வு, தூசியை ஏற்கெனவே உள்வாங்கிவிட்டவர்களுக்கானது. இந்தூரின் இந்துஸ்-2 சிங்க்ரோட்ரானில் படமாக்கத்துக்கும் ஒளிர்வு ஆய்வுக்கும் தனித்தனிக் கற்றைத்தடங்கள் இயங்குகின்றன. நங்கநல்லூரை ஒட்டிய பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். 1928 முதல் நெஞ்சுநோயாளிகள் அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். குடும்பத்தாரின் முறையான ஒப்புதலோடு கல்லுடைத்தவர்களின் திசுக்களைச் சேமித்து இந்தூருக்கு அனுப்பும் திட்டம் ஒன்றை மாநிலத்தின் மருத்துவத் துறையும் தொழிலாளர் துறையும் சேர்ந்து தொடங்க வேண்டும்.