சுடச் சொன்னது யார்?

2016ஆம் வருஷம் நடந்த இரண்டு சாவுகளை என்னால் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை. ஒன்று நான் வேலைக்கு வந்து குடியேறிய மினசோட்டாவில். இன்னொன்று நான் பிறந்து வளர்ந்த பெங்களூரில். நடுவில் அறுபத்தெட்டு நாள்தான் இடைவெளி. இரண்டிலும் சுட்டது போலீஸ்.

முதலாவது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூலை 6, 2016. ஃபிலாண்டோ காஸ்டில், 32 வயது, செயின்ட் பால் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் மேற்பார்வையாளர். காரின் பின்விளக்கு எரியவில்லை என்று போலீஸ்காரர் நிறுத்துகிறார். காஸ்டில் மரியாதையாகவே, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொல்கிறார். லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி. அடுத்த சில வினாடிகளில் ஏழு குண்டுகள். பின் சீட்டில் நாலு வயதுக் குழந்தை. பக்கத்தில் இருந்த தோழி, சுட்டபிறகு நடந்ததை ஃபேஸ்புக்கில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆபீஸிலும், தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் அப்பா அம்மாக்கள் நடுவிலும் அந்தக் கோடை முழுக்க இதே பேச்சு. லைசென்ஸ் இருந்தும் சுடுவார்கள் என்றால் லைசென்ஸுக்கு என்ன அர்த்தம் என்றது ஒரு கட்சி. எல்லோர் கையிலும் துப்பாக்கி இருந்தால் போலீஸ்காரன் பயப்படத்தானே செய்வான் என்றது இன்னொரு கட்சி. நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. "நம்ம ஊர்ல ஜனங்க கையில துப்பாக்கி கிடையாது, அதனால இந்தத் தொல்லையும் கிடையாது" என்று நானே ஒரு சனிக்கிழமை பெருமையாகச் சொன்னேன். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது ஏழாம் வகுப்பு.

செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காலையில் காபியோடு உட்கார்ந்தபோது பெங்களூரிலிருந்து அம்மா போன். "வெளியில ஒரே புகையா இருக்குடா. ஒருத்தனைச் சுட்டுட்டாங்களாம்."

காவிரிதான். செப்டம்பர் 5 அன்று, வினாடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாளைக்குத் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டிருந்தது. 12ஆம் தேதி அதை 12,000 ஆகக் குறைத்து, 20ஆம் தேதி வரை நீட்டித்தது. அன்றைக்கே ஊர் பற்றி எரிந்தது. நாயண்டஹள்ளிப் பக்கம் ஒரு டிப்போவில் நின்ற தமிழ்நாட்டு ஆம்னி பஸ்கள் நாற்பதுக்கும் மேல் சாம்பல். பதினாறு போலீஸ் ஸ்டேஷன் எல்லைகளில் ஊரடங்கு. மேற்கே ஹெக்கனஹள்ளியில் போலீஸ் சுட்டதில் ஓர் இளைஞர் செத்துப்போனார். கூட்டம் போலீஸ் வண்டியைத் தாக்கியது, வேறு வழியில்லை என்பது போலீஸ் தரப்பு.

மகள் பக்கத்திலேயே இருந்தாள். "அப்பா, அவர் கிட்ட துப்பாக்கி இருந்ததா?" என்றாள்.

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் சுட்டாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது என்று தப்பித்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் துப்பாக்கிச் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 2018இல் வந்த ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே கணக்குப்படி அமெரிக்காவில் நூறு பேருக்கு 120 துப்பாக்கி. ஆளைவிட ஆயுதம் அதிகம். இந்தியாவில் நூறு பேருக்கு ஐந்து சொச்சம், அதிலும் பெரும்பாலானவை பதிவில்லாதவை. இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. 1857 கலகத்தின் சூடு ஆறியபிறகு வெள்ளைக்காரன் கவனமாக யோசித்து, 1878இல் லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது, ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். லைசென்ஸ் இல்லாத இந்தியன் ஆயுதம் வைக்கக் கூடாது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதுச் சட்டம் வந்தது, ஆனால் லைசென்ஸ் முறை அப்படியே. 2019 திருத்தத்தில் ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக்கூட ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

கர்நாடகத்தில் இதற்கு ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கு உண்டு. குடகு. கொடவர்களுக்கும், அங்கே ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் தேவையில்லை. கல்லூரியில் என்னோடு படித்த கொடவ நண்பன் வீட்டில், நம் வீட்டில் சாமி படம் மாட்டும் இடத்தில் துப்பாக்கி மாட்டியிருந்தது. கைல்போள்து என்று ஒரு பண்டிகை, அன்றைக்கு அதற்குப் பூப் போட்டுப் பூஜை. 2021இல் கர்நாடக ஹைகோர்ட்டும் இந்த விலக்கு செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரு மாவட்டத்து மக்களை நம்பலாம், மற்றவர்களை நம்ப முடியாது என்று யாரோ எப்போதோ எடுத்த முடிவு இன்னும் நடக்கிறது. அவ்வளவுதான்.

ஆக, ஜனங்களின் கையைக் கட்டும் சட்டம் நம்மிடம் கெட்டியாகவே இருக்கிறது. போலீஸின் கையைக் கட்டும் சட்டம்?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 129 என்று ஒன்று இருந்தது. ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, அமைதி கெடும் போலிருந்தால், ஒரு நிர்வாக மாஜிஸ்திரேட்டோ, ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ, அவர் இல்லாவிட்டால் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத ஒருவரோ கலைந்து போகச் சொல்லலாம். போகாவிட்டால் பலத்தைப் பயன்படுத்திக் கலைக்கலாம். எவ்வளவு பலம்? அந்தப் பிரிவில் இல்லை. அடுத்த பிரிவு 130, ராணுவத்தைக் கூப்பிடுவது பற்றியது. அதில் மட்டும், முடிந்தவரை குறைவான பலம், முடிந்தவரை குறைவான காயம் என்று எழுதியிருக்கிறது. எச்சரிக்கை கொடு, முழங்காலுக்குக் கீழே குறிவை என்பதெல்லாம் போலீஸ் பயிற்சியிலும் விதிப் புத்தகத்திலும் சொல்லப்படுபவை.

அப்புறம் பிரிவு 132. இப்படிக் கலைக்கும்போது செய்த காரியத்துக்காகப் போலீஸ் அதிகாரி மேல் வழக்கு நடத்த வேண்டுமென்றால் மாநில அரசின் முன் அனுமதி வேண்டும். சுட்டது அரசு, அனுமதி தர வேண்டியதும் அரசு! 1898ஆம் வருஷச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்புக்கு எண் 132தான். 1973இல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் 132தான். ஜூலை 1, 2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்ததில் 129 என்பது 148 ஆனது, 132 என்பது 151 ஆனது. எண் மாறியது, விஷயம் மாறவில்லை.

மகளே, உன் கேள்விக்குச் சட்டப்படியான பதில் இதுதான். இந்த ஊரில் போலீஸ் சுடும்போது, எதிரில் இருப்பவன் கையில் என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். அங்கே கூட்டத்தைப் பார்த்துச் சுடும்போது, கூட்டம் கலைந்ததா என்றுதான் கேட்கிறார்கள். செத்தவன் கையில் என்ன இருந்தது என்ற கேள்வி வருவதே இல்லை. அவன் ஓர் ஆள் இல்லை, கூட்டத்தில் ஒரு துண்டு.

இது புதுசும் இல்லை. பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூர் பக்கம் விதுராஸ்வத்தா என்று ஒரு கோயில் ஊர். ஏப்ரல் 25, 1938இல், தடையை மீறிக் காங்கிரஸ் கொடி ஏற்றக் கூடிய கூட்டத்தின் மேல் மைசூர் சமஸ்தானப் போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கில் பத்து பேர். ஊர்க் கணக்கில் முப்பதுக்கு மேல். சென்னை ஹைகோர்ட் முன்னாள் நீதிபதி வேப்பா ராமேசம் தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். சூடு, பிறகு விசாரணைக் குழு என்ற வரிசை அப்போதே ஆரம்பித்துவிட்டது.

இவ்வளவும் சட்டப் புத்தகம். சொல்லக் கூச்சமான விஷயம் இனிமேல்தான்.

டிசம்பர் 1991. எனக்குப் பதினோரு வயது. வீடு ஸ்ரீராமபுரம். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பம். காவிரி நடுவர் மன்றம் ஜூன் மாதம் 205 டி.எம்.சி. என்று இடைக்கால உத்தரவு போட்டது. பங்காரப்பா அரசு அதைச் செல்லாததாக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அவசரச் சட்டம் செல்லாது என்றது. டிசம்பர் 11இல் உத்தரவு மத்திய அரசிதழில் வந்தது. அடுத்த நாளே ஆரம்பித்து, 13ஆம் தேதி பந்த் அன்று எல்லை மீறிப் போய்விட்டது.

அப்பா ஏணி போட்டு ஏறி, கடைப் போர்டில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசினார். என்னிடம் தெருவில் "அப்பா" என்று சத்தமாகக் கூப்பிடாதே என்றார்கள். எதிர்வீட்டுக் கன்னட அஜ்ஜி எங்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் வைத்து வெளியே பூட்டு போட்டுவிட்டு, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யார் வந்து கேட்டாலும் "ஊரிகெ ஹோகித்தாரே" என்ற ஒரே பதில். (இன்றைக்கும் கன்னடம் என்றால் எனக்கு அந்தக் குரல்தான்.)

இருட்டில் உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் படபடவென்று சத்தம். டயர் வெடித்ததா, துப்பாக்கியா, தெரியவில்லை. பெரியப்பா சொன்னார்: "சுடட்டும். நாலு பேரைச் சுட்டாத்தான் அடங்குவானுங்க." யாரும் மறுக்கவில்லை. அம்மா முருகனைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கலவரத்தில் பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். அதில் பலர் போலீஸ் குண்டுக்கு. பல்லாயிரம் தமிழர்கள் மூட்டையோடு ஊரை விட்டுப் போனார்கள். நீதிபதி என்.டி.வெங்கடேஷ் தலைமையில் கமிஷன் போட்டார்கள். எங்கள் வீட்டில் கமிஷன் பற்றி யாரும் பேசியதே இல்லை. கடை பிழைத்தது, நாங்கள் பிழைத்தோம். சுடப்பட்டது யார், கல்லெறிந்தவனா, வேடிக்கை பார்த்தவனா, நம்மாளா, அவங்களாளா... ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நிம்மதியாக இருந்தது.

இதில்தான் சிக்கல். போலீஸ் சுடவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. அந்தப் பின்கட்டில் உட்கார்ந்தவன் அப்படிச் சொன்னால் பொய். கூட்டம் வீட்டைக் கொளுத்த வரும்போது நடுவில் நிற்க யாராவது வேண்டும். ஆனால் சுட்டபிறகு கணக்குக் கேட்க வேண்டும் என்பதை, சுடுவது நமக்குப் பாதுகாப்பாக இருந்த நாளில் நாமே விட்டுவிட்டோம். பிறகு அதே துப்பாக்கி வேறு பக்கம் திரும்பும்போது கேட்பதற்கு வாய் எங்கிருந்து வரும்?

திரும்பியதே. மே 22, 2018, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகக் கலெக்டர் ஆபீஸுக்குப் போன கூட்டத்தின் மேல் சுட்டதில் தொடங்கி, 13 உயிர். இங்கே நம்மவர்கள் எல்லோரும் கொதித்தோம். உத்தரவு கொடுத்தது யார் என்று பார்த்தால், முதல் தகவல் அறிக்கைகளில் இருந்தது துணைத் தாசில்தார்கள் மூன்று பேர்! அருணா ஜெகதீசன் ஆணையம் 2022இல் கொடுத்த அறிக்கை, சுட வேண்டிய அவசியமே இல்லை என்றது, 17 போலீஸார் மேல் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. 1952 சட்டப்படி விசாரணை ஆணையத்தின் அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. அது பரிந்துரை மட்டுமே.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். நியாயம்தான். காஸ்டிலைச் சுட்ட போலீஸ்காரர் மேல் நவம்பர் 2016இல் வழக்குப் போட்டார்கள். ஜூன் 2017இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. நானும் மனைவியும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் அவர் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வண்டிக் காமிராவில் பதிவானதை ஊரே பார்த்தது. காஸ்டிலின் பெயர் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

நம்மிடமும் வழியே இல்லாமல் இல்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சாவு நேர்ந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம் என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்க ஆள் வேண்டும். 2016இல் நான் பார்த்த தமிழ், கன்னட சானல் இரண்டிலும் கன அடிக் கணக்கே விடிய விடிய ஓடியது. அவர்கள் தண்ணீரைக் கேட்டார்கள், நாம் எரிந்த பஸ்ஸைக் கேட்டோம். ஹெக்கனஹள்ளிப் பையனை இரண்டு பக்கமும் கேட்கவில்லை.

மகள் இப்போது கல்லூரி முடித்துவிட்டாள். போன மாதம் பழைய பேச்சு வந்தபோது இத்தனையும் சொன்னேன், பெரியப்பா சொன்னதையும், நான் வேண்டிக்கொண்டதையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அவர் உங்க கடையை எரிக்க வந்தவரா இருந்தாலும், அவர் கையில் என்ன இருந்ததுன்னு கேப்பீங்களா அப்பா?"

இந்தத் தடவை பஸ் எதுவும் வரவில்லை. கேட்பேன் என்றேன்.