கொங்கு நாட்டு நதிகளும் அவற்றின் மீன்களும்

கொங்கு நாட்டின் அரசர்களையும் கோயில்களையும் நெசவையும் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அந்நாட்டு ஆறுகளில் வாழ்ந்த மீன்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இங்குச் சுருக்கமாக ஆராய முற்படுகிறோம். குருமாருக்கும் இறையியல் மாணவருக்கும் இதில் என்ன வேலை என வினவுவோர் ஆதியாகமம் 2:19, 20 வசனங்களைக் கவனமாக வாசித்துப் பார்க்கலாம். ஆதாம் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் பேரிட்டான். மீன்களைப்பற்றி அங்கே பேச்சில்லை. அவ்வேலை பிற்காலத்தவருக்கு விடப்பட்டது போலும்!

அப்பிற்காலத்தவருள் நம் திருச்சபையினரும் இருந்தனர். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜான் ஐயர், தாம் சேகரித்த மீன்களைப் பெர்லினிலிருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பிவந்தார். 1793இல் பிளாக் ஒரு மீன் பேரினத்திற்கு 'ஜானியஸ்' என அவர் பெயரையே சூட்டினார். அகராதியால் நாம் நன்கறிந்த ராட்லர் ஐயர் தாவரங்களைத் திரட்டினார். ஆயினும் இவர்கள் கடற்கரையினர். கோயம்புத்தூரில் இலண்டன் மிஷன் ஊழியம் 1830இல் ஆடிஸ் ஐயரால் தொடங்கப்பெற்றது. ஆனால் கொங்கு மீன்களை அறிவியலுலகுக்கு அறிமுகம் செய்தவர்கள் மிஷனரிகள் அல்லர், மருத்துவர்கள். 1800இல் கோயம்புத்தூர் வழியே பயணம் செய்த புக்கானனும் மருத்துவரே. ஆனால் அவர் 1822இல் வெளியிட்ட மீன்நூல் கங்கையைப்பற்றியது. கொங்குக்கு அப்பேறு கிட்டவில்லை. 1849இல் ஜெர்டன் தென்னிந்திய நன்னீர் மீன்களைப்பற்றி எழுதினார். 1867இல் பிரான்சிஸ் டே நீலகிரியின் அடிவாரத்து ஆறுகளை ஆராய்ந்து, பவானியில் கண்ட ஒரு கெண்டையினத்திற்கு 'டூபியஸ்' எனப் பெயரிட்டார். ஐயத்திற்குரியது என்பது அதன் பொருள். பெயரில் ஐயம் இருந்தபோதிலும் அது தனியினமே என இன்று ஏற்கப்பட்டுள்ளது. அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் இனங்களுள் ஒன்றாகவும் அது எண்ணப்படுகிறது.

டே சென்னைப் படை மருத்துவர். மீன்களின் தமிழ்ப் பெயர்களையும் கேட்டறிந்து தம் நூலில் பதிந்தவர் என்பதால் அவரிடம் நமக்குத் தனி மதிப்பு உண்டு. 1873இல் அரசுக்கு அளித்த அறிக்கையில், குஞ்சுகளையும் விடாமல் அரித்தெடுக்கும் கண்ணி நெருக்கமான வலைகளையும், நீரில் நஞ்சிட்டு மீன்பிடிக்கும் வழக்கத்தையும் அவர் கண்டித்தார். நஞ்சையும் வெடியையும் தடை செய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897இல்தான் பிறந்தது. அதற்குள் டே மறைந்து எட்டாண்டுகள் ஆகியிருந்தன.

நொய்யலின் கதை வேறு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரில் காஞ்சிமாநதி எனப் போற்றப்பட்டு, கோவை, திருப்பூர் வழியாய்க் காவிரியில் கலக்கும் இவ்வாறு வற்றாத ஆறன்று. மழையை நம்பிய ஆறு. எனவேதான் முன்னோர் தடுப்பணைகளும் வாய்க்கால்களும் அமைத்து, ஒரு குளம் நிரம்பியபின் உபரிநீர் அடுத்த குளத்திற்குப் போகுமாறு செய்தனர். சோழர் காலத்து ஏற்பாடு இது என்பது மரபு. வாய்க்கால் வழியே நீர் போனால் மீனும் போகும். கோடையில் குளம் வற்றிச் சேறாகும்போதும் விராலும் குறவையும் தேளியும் மாய்வதில்லை. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை நேரே சுவாசிக்க வல்லவை அவை. குளத்தோரத்துக் கோரையும் சம்பும் குஞ்சுகளுக்கு மறைவிடம் தந்தன. சிறுவாணி நீர் குழாயில் வந்தபின் நகரம் குளங்களை மறந்தது. சாக்கடை அவற்றில் கலந்தது. சாக்கடை வளத்தில் தென்னமெரிக்காவின் வெங்காயத் தாமரை செழித்துப் படர்ந்து, நீருக்கடியில் வெளிச்சம் புகாதபடி மூடியது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீனாகிய ஜிலேபிக் கெண்டையும் இக்குளங்களில் குடியேறிப் பெருகியது.

திருப்பூருக்குக் கீழே நேர்ந்தது இதனினும் கொடியது. துணிக்குச் சாயம் ஏற்ற உப்பு மிகுதியாய் வேண்டும். அவ்வுப்பு நீரில் கரைந்துவிடுவதால் சாதாரணச் சுத்திகரிப்பில் நீங்காது. 1992இல் பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை சில ஆண்டுகளிலேயே சாயநீர்த் தேக்கமாயிற்று. தங்களுக்கென்று கட்டிய அணையின் நீரே தங்கள் நிலத்தைக் கெடுக்கிறதென்று உழவர்கள் நீதிமன்றம் ஏற நேர்ந்ததைப் பாசன வரலாற்றில் வேறெங்கும் காண்பது அரிது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டுமென்பதை உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதி செய்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைத் தொழிலாளியும் கிணறு கெட்ட உழவரும் ஒரே ஆலயத்தில் திருவிருந்துக்கு முன்வரும் ஊர்களில் அன்று பிரசங்கித்த போதகரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கிறோம். எவர் பக்கம் பேசினாலும் மற்றவரின் சோறு அதில் அடங்கியிருந்தது.

பவானிக்குத் திரும்புவோம். காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் வாழ்ந்த கூன்முதுகு மகசீர், செம்மஞ்சள் துடுப்புகளை உடைய பெருமீன். வெள்ளைக்கார வேட்டைப் பிரியர்கள் தூண்டில் போட்டு அதனைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டனர். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உலகப்புகழ் பெற்றிருந்தும் அதற்கு முறையான அறிவியல் பெயர் இல்லை! காவிரி நீரில் மகசீர் குறைந்தபோது, வளர்ப்புப் பண்ணையிலிருந்து நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் நல்லெண்ணத்துடனே கொண்டுவந்து விடப்பட்டன. வந்தது பெருகிற்று, இருந்தது மறையலாயிற்று. இரண்டும் மகசீர்தானே என்று எண்ணியதன் விளைவு அது. பெயரில்லாததன் இழப்பைத் தனித்துக் கணக்கிட ஒருவருமில்லை.

2018இல் ஆய்வாளர்கள் இப்புதிரை அவிழ்த்தனர். கேரள மலையில் பிறந்து அமராவதியில் சேரும் பாம்பாற்றில் முன்பே கண்டு, ரெமாதேவி என்னும் மீனியல் அறிஞரின் பெயர் சூட்டப்பட்டிருந்த இனமே இந்தக் கூன்முதுகு மகசீர் எனத் தெரிந்தது. அதே ஆண்டில் அது மிக அருகிய இனங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. இன்று அதன் முக்கியப் புகலிடம் மோயாறு. பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் வந்து சேரும் அவ்வாறு முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் வழியே பாய்கிறது. புலிகளுக்கென்று வகுத்த எல்லை இம்மீனுக்கும் காவலாயிருக்கிறது.