60 நிமிடமும் எலிகாவின் கையும்

போன கிழமை பாடசாலைக் கணினி அறையில் நம்மிடம் ஒரு வழக்கு வந்தது. முறைப்பாட்டுக்காரர்கள் தரம் 9 பிள்ளைகள் ஏழு பேர். எதிரி, 1989இல் வெளிவந்த ஒரு வீடியோ கேம்.

"சேர், இந்த நேரத்தக் கழட்டி விடுங்க. ஆறுதலா விளையாட விடுதில்ல."

தவணைப் பரீட்சை முடிந்து வினாத்தாள் திருத்தும் நாட்களில் பிள்ளைகளைச் சும்மா இருக்கச் சொல்ல முடியாது. பழைய விளையாட்டுகளை ஓடவிட்டு, இதை எப்படிச் செய்திருப்பார்கள் என்று அவர்களையே யோசிக்க வைப்பது கொஞ்சக் காலமாக நம் வழக்கம். (வரலாறு படிப்பிக்கிற நம்மிடம் கணினி அறைச் சாவி எப்படி வந்தது என்பது வேறு கதை.) இம்முறை எடுத்தது பிரின்ஸ் ஒஃப் பெர்சியா. ஊரில் முப்பத்தைந்து வயது தாண்டிய ஆண்களில் பலருக்குப் பெயரைக் கேட்டதும் விரல் துடிக்கும். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். சுல்தான் போருக்குப் போன நேரம் மந்திரி ஜாஃபர் ஆட்சியைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கலியாணம் முடி, இல்லாவிட்டால் சாவு என்று இளவரசிக்கு ஒரு மணித்தியாலத் தவணை கொடுக்கிறான். நிலவறையில் கிடக்கும் நாயகன் 12 லெவல் தாண்டி மேலே வர வேண்டும். அதற்கும் அதே ஒரு மணித்தியாலம்தான். கதையில் மட்டுமல்ல, சுவர்க்கடிகாரத்தில் ஓடும் உண்மையான 60 நிமிடம்.

பிள்ளைகளின் கோபம் நமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் டவுனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் நாங்களும் இதே கடிகாரத்தை ஏசியிருக்கிறோம். இரண்டே மெஷின். மணித்தியாலக் கணக்கில் காசு. ஒருவன் விளையாட, நாலு பேர் பின்னால் நின்று "பாய்டா பாய்டா" என்று கத்துவோம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. மூன்றாவது லெவலிலிருந்து சேமித்து வைக்கலாம்தான், ஆனால் மிச்சமிருக்கும் நிமிடங்களும் அதோடு சேர்ந்தே பதிவாகும். 11ஆவது லெவலில் 4 நிமிடம் மட்டும் மீதியாக இருந்த ஒரு சேமிப்பை ஒரு ஃபுளொப்பியில் மாதக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தும் அழிக்க மனம் வரவில்லை.

இப்போது அந்தக் கடிகாரத்துக்காக வாதாட நினைக்கிறோம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வீடியோ கேம் என்பது முதலில் வீட்டுச் சாமான் அல்ல, கடைச் சாமான். 1978இல் ஜப்பானின் டைட்டோ கொம்பனி ஸ்பேஸ் இன்வேடர்ஸை வெளியிட்ட காலத்தில், காசு போட்டால் இத்தனை உயிர் என்பதுதான் கணக்கு. மூன்று உயிரும் முடிந்தால் இன்னொரு காசு. உயிரை எண்ணும் அந்தப் பழக்கம் காசு போடும் துவாரத்தோடு பிறந்தது. விளையாட்டு வீட்டுக் கணினிக்கு வந்த பிறகும் மூன்று உயிர் போகவில்லை. துவாரமே இல்லாத பெட்டிக்கு மூன்று உயிர் எதற்கு என்று அதிகம் பேர் கேட்கவுமில்லை.

ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் அதை எடுத்துவிட்டார். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கராட்டேக்கா என்ற விளையாட்டைச் செய்து 1984இல் வெளியிட்டவர். அடுத்த ஆண்டு தன் தம்பியை ஓடவும் பாயவும் ஏறவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து இளவரசனை உருவாக்கத் தொடங்கினார். அந்த உருவம் பொம்மை போலில்லாமல் மனிதனைப் போல ஓடியதற்குக் காரணம் அதுதான். ஓடுபவன் உடனே நிற்க மாட்டான், இரண்டடி சறுக்கித்தான் நிற்பான். மாரியோவுக்குப் பழகிய கைகளுக்கு இதுவும் ஒரு எரிச்சல். "சொன்ன சொல் கேட்கிறானில்ல சேர்" என்று நம் பிள்ளைகளும் முறையிட்டார்கள். உடம்பு என்றால் அப்படித்தான் மகன் என்றோம்.

நாலு வருட வேலைக்குப் பிறகு, 1989இல் ப்ரோடர்பண்ட் கொம்பனி அதை அப்பிள் டூ கணினிக்கு வெளியிட்டது. அந்தக் கணினியே அப்போது காலம் முடிந்து போய்க்கொண்டிருந்தது. விற்பனை மந்தம். அடுத்த ஆண்டு டொஸ் கணினிகளுக்கு வந்து, பிற நாடுகளுக்கும் போன பிறகுதான் விளையாட்டு பிழைத்தது. நம் டவுன் வகுப்புக்கு வந்ததும் அந்த டொஸ் பதிப்பு.

இதில் எத்தனை முறையும் சாகலாம். முள்ளில் விழு, வாளுக்கு இரையாகு, பள்ளத்தில் போ, அதே லெவலின் தொடக்கத்தில் திரும்பவும் எழும்புவாய். உயிருக்குக் கணக்கில்லை. கணக்கு நேரத்துக்கு மட்டும். முறையிடுபவர்கள் இந்த இடத்தைத் தவற விடுகிறார்கள் என்பது நம் கருத்து. கடிகாரம் எதையும் கூட்டிக் கேட்கவில்லை. மூன்று உயிர் என்ற பழைய வரியை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் வேறொரு வரியை வைத்தது. காசுக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே 60.

முதல் நாள் முதலாவது லெவலைத் தாண்ட நமக்கு அரை மணித்தியாலம் போனது. ஒரு மாதம் கழித்து அதே லெவலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்தோம். விரல் வேகம் கூடியதால் அல்ல. எந்தக் கல் பெயரும், எந்தத் தட்டை மிதித்தால் எந்தக் கதவு திறக்கும், எங்கே ஓட வேண்டும், எங்கே ஷிப்ட் கீயை அழுத்தி ஒவ்வோர் அடியாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் தலைக்குள் ஏறிவிட்டது. 60 நிமிடம் தீர்ந்து தோற்றாலும் வழி நம்மிடமே இருந்தது. கடிகாரத்தைக் கழற்றியிருந்தால் ஒருதரம் ஊர்ந்து ஊர்ந்து முடித்துவிட்டு மறந்திருப்போம். டொஸ் பதிப்பில் மெகாஹிட் என்ற சொல்லைச் சேர்த்துத் திறந்தால், ஒரு கீயைத் தட்டித் தட்டி நிமிடத்தைக் கூட்டலாம் என்று ஒரு நாநா கண்டுபிடித்தார். அன்று பின்னேரம் அவர் இளவரசியைக் காப்பாற்றினார். அடுத்த நாள் அவர் பின்னால் நின்று பார்க்க ஒருவரும் போகவில்லை.

12ஆவது லெவல் தனி. நாலாவது லெவலில் ஒரு கண்ணாடிக்குள்ளால் பாய வேண்டும். பாய்ந்ததும் இளவரசனின் நிழல் பிரிந்து மறுபக்கம் ஓடிவிடும். கணினியின் நினைவகம் நிரம்பி, புதிய எதிரி ஒருவனை வரைய இடமில்லாமல் போனபோது மெக்னர் இளவரசனின் படத்தையே கணக்கால் புரட்டிப் போட்டு உண்டாக்கியவன் அவன். 12ஆவது லெவலில் அந்த நிழல் வாளோடு எதிரே வரும். அவனை நாம் குத்தினால் நமக்கே குறையும், அவன் செத்தால் நாமும் சாவோம். மிச்சமிருந்த நிமிடங்களை எல்லாம் அங்கேதான் கொட்டினோம். செய்ய வேண்டியது வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடப்பது. இரண்டு உருவமும் ஒன்றாகிவிடும். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது வாளைக் கீழே வைக்க எவனுக்கு மனம் வரும்? கடிகாரம் இல்லையென்றால் அது ஒரு விடுகதை, அவ்வளவுதான்.

இடையில் ஒரு வார்த்தை. ஜாஃபர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள். வரலாற்றில் ஜஃபர் இப்னு யஹ்யா அல்பர்மகி என்று ஒருவர் இருந்தார். பக்தாதில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் நெருங்கிய மந்திரி, 803இல் கலீஃபாவின் கட்டளையாலேயே கொல்லப்பட்டவர். ஆயிரத்தோரு இரவுகளில் அவர் கொடியவரல்ல. 1940இல் வந்த பக்தாத் திருடன் என்ற ஆங்கிலப் படம்தான் ஜாஃபர் என்ற பெயரில் சூழ்ச்சிக்கார மந்திரியைக் காட்டியது. மெக்னருக்கு அந்தப் படம் ஒரு முன்மாதிரி. பாரசீகத்தை ஆண்டவர்களை ஷா என்பார்கள், விளையாட்டு சுல்தான் என்கிறது. அது சினிமாவின் பாரசீகம் என்று சொல்லிக் கொடுத்தோம். அந்த ஒரு கேள்விக்காகவே நமக்கு இந்தக் கிழமை வீண் போகவில்லை.

சரி, வழக்குக்கு வருவோம். ஏழு பேரில் ஒரு பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே வலது கை விரல்கள் மெதுவாகத்தான் இயங்கும். அவன் ஒன்றும் பேசவில்லை. மற்றவர்கள் பேசி முடித்த பிறகு, "எனக்கு வழியெல்லாம் தெரியும் சேர், கைதான் போகுதில்ல" என்று மட்டும் சொன்னான். நம் வாதம் அங்கே நின்றுவிட்டது. வழி தலைக்குள் இருந்தால் போதும் என்று இவ்வளவு நேரம் சொன்னவர்கள் நாம்தானே.

இந்தச் சிக்கல் செய்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1992இல் நிண்டெண்டோவின் சூப்பர் மெஷினுக்கு வந்த பதிப்பு 20 லெவலாக நீண்டபோது நேரத்தை 120 நிமிடமாக்கினார்கள். 1997இல் மெக்னர் த லாஸ்ட் எக்ஸ்பிரஸ் என்ற விளையாட்டைச் செய்தார். 1914இல், முதலாம் உலகப் போர் வெடிக்கப் போகும் நாட்களில், பாரிஸிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிளுக்குப் போகும் ரயில். அதிலும் கடிகாரம் நிற்காமல் ஓடும், ஆனால் தவறு செய்தால் அதன் முள்ளைப் பின்னால் திருப்பி விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2003இல் யூபிசொஃப்ட் மொன்ட்ரியலோடு சேர்ந்து செய்த சாண்ட்ஸ் ஒஃப் டைமில் இளவரசன் கையில் காலத்தையே திருப்பும் குத்துவாள். விழுந்தால் சில விநாடி பின்னால் போகலாம், ஆனால் வாளில் மணல் இருக்கும் மட்டும்தான். திரும்பி வராத நேரத்தை வைத்து விளையாட்டுச் செய்தவரே திரும்பும் நேரத்தையும் கொடுத்தார்.

2008இல் வந்த பாகம் அதற்கும் அப்பால் போய், எல்லோரிடமும் ஏச்சு வாங்கியது. அதில் இளவரசன் சாகவே மாட்டான். கூட வரும் எலிகா என்ற பெண், அவன் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் பாய்ந்து கையைப் பிடித்து, கடைசியாக நின்ற நல்ல தரையில் விடுவாள். சாகாத விளையாட்டு விளையாட்டா, குழந்தைப் பிள்ளைக்குச் செய்ததா என்று பழைய ஆட்கள் கேலி செய்தார்கள். உண்மையைச் சொன்னால் நாமும் அப்போது அந்தக் கூட்டத்தில்தான் நின்றோம்.

இப்போது அப்படி நினைக்கவில்லை. மற்ற விளையாட்டுகளில் விழுந்தால் என்ன நடக்கிறது? திரை கறுக்கும், கொஞ்சம் காத்திருப்போம், பழைய இடத்தில் எழும்புவோம். எலிகா எடுத்துவிட்டது அந்தக் கறுப்புத் திரையை மட்டும்தான். தாண்ட முடியாத பள்ளத்தை அவளும் தாண்டித் தரமாட்டாள், நீயேதான் பாய வேண்டும். சண்டையில் காப்பாற்றினால் எதிரி இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றுவிடுவான். அதே ஆண்டு வந்த பிரெய்ட் என்ற சிறிய விளையாட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் நேரத்தைப் பின்னால் திருப்பலாம், அதை எல்லோரும் மெச்சினார்கள். ஒன்றில் ஒரு கீ காப்பாற்றியது, மற்றதில் ஒரு பெண் காப்பாற்றினாள். எது ஆட்களுக்குச் சுட்டது என்று நமக்குச் சந்தேகம் உண்டு.

அதன் முடிவையும் ஏசினார்கள். எலிகா தன் உயிரைக் கொடுத்து அஹ்ரிமான் என்ற தீய சக்தியை அடைக்கிறாள். இளவரசனால் தாங்க முடியவில்லை. அவளை எழுப்புவதற்காக மரங்களை வெட்டி, அடைத்த தீமையைத் திறந்துவிடுகிறான். அந்த வெட்டை நம் கையால்தான் வெட்ட வேண்டும். பிழை என்று தெரிந்தே வெட்டினோம், ஏனென்றால் அவ்வளவு நேரம் நம் கையைப் பிடித்தவள் அங்கே கிடந்தாள். அந்தக் கதைக்கு இன்னொரு பெரிய பாகம் வரவேயில்லை. 2010இல் எலிகா இல்லாமல், பழையபடி நேரம் திருப்பும் விளையாட்டுக்கே கொம்பனி போய்விட்டது.

முதல் விளையாட்டின் மூல நிரல் காணாமல் போய், 2012இல் மெக்னரின் தகப்பனார் அனுப்பிய பெட்டியொன்றிலிருந்து ஃபுளொப்பிகளாகக் கிடைத்தது. அதை அவர் எல்லோரும் பார்க்க வெளியிட்டுவிட்டார். டொஸ் பதிப்பையும் ஆர்வலர்கள் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நம் அறையில் ஓடுவது அப்படிக் கட்டிய ஒன்று. அதில் 60 என்ற எண் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் கிடக்கிறது. யாரும் மாற்றலாம்.

ஆறு மெஷினில் 60ஐத் தொடவில்லை. ஏழாவதில் 120 போட்டோம். "அது எப்படிச் சேர்?" என்று ஒருவன் எழும்பினான். 1992ஐச் சொன்னோம், எலிகாவைச் சொன்னோம். அவன் முழுதாக ஏற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. ஏற்காமலே கதிரையை இழுத்துக்கொண்டு ஏழாவது மெஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளை 12ஆவது லெவலுக்கு வந்தான். 31 நிமிடம் மீதி. நிழல் வாளோடு வந்தது. இவனும் வாளை உருவினான். ஒரு குத்து, இவனுக்கே குறைந்தது. பின்னால் ஆறு பேரும் "குத்துடா" என்று கத்தினார்கள். விடை தெரிந்த நாம் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம். அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்து, "சத்தம் போடாதீங்க, யோசிக்கணும்" என்றான்.